காந்தட்கிழங்கும் கணக்கேடும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவில் யாதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, இலக்கியம் பற்றியே யாம் பேசுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து நாள் கழிக்கும் பள்ளியாசிரியர்க்கு அதுவே இயல்பு. ஆயினும், இவ்வவையில் வீற்றிருப்பாருட் பெரும்பாலார் நிலத்தை நம்பி வாழ்பவர். ஏனையோர் நிலத்தை நம்பி வாழ்ந்தாருடைய மக்கள். அவர்கள்முன் நின்று பேசுங்கால் நிலத்தைப் பற்றிய ஒரு கவலையை நெஞ்சிற் புதைத்து வைத்துக்கொண்டு சொல்லழகு பாராட்டுதல் எமக்கு ஒவ்வாதாயிற்று. ஆதலின், வேளாண்மைப் பொருளியல், மருந்துப் பயிர், ‘நானோ’ என வழங்கும் மீநுண் பொருள் ஆகிய மூன்றிலும் இந்நாளில் நிகழ்ந்துவரும் பயன்பாட்டு ஆராய்ச்சி பற்றி எமக்குத் தெரிந்தவற்றைக் கூறத் துணிந்தோம்.

பயன்பாட்டு ஆராய்ச்சி என்பது யாது? விண்மீன் ஒன்றின் தொலைவை அளப்பான் ஒருவன். அவனை நோக்கி, ‘இதனால் யார்க்கு என்ன பயன்?’ என்று வினவுதல் அழகன்று. அறிதலே ஆண்டுப் பயன். ஆனால், ‘இஃது உழவர்க்கு உதவும்’ என்று கூறித் தொடங்கப்பெறும் ஆராய்ச்சியை நோக்கி, ‘எந்த உழவர்க்கு, எத்துணை உதவிற்று?’ என்று வினவும் உரிமை நம் அனைவர்க்கும் உண்டு. அவ்வினாவிற்கு விடை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் இல்லை. உழவன் வீட்டுக் கணக்கேட்டில் இருக்கின்றது. யாம் இன்று சொல்ல வந்த செய்தி இஃது ஒன்றே. இனி வருவன யாவும் இதற்குச் சான்றுகளே என்க.

முதற்கண் மருந்துப் பயிர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நமக்குப் புதியதன்று. செங்காந்தள் என்னும் பெயரைக் கேளாத தமிழ் மாணவர் இலர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர் வரிசையில் முதற்கண் நிற்பது இம்மலரே. மகளிருடைய மெல்விரலுக்குக் காந்தளை உவமித்தல் பழம்புலவர் மரபு. இந்நாளில் இது தமிழ்நாட்டின் மாநில மலர். இதன் கிழங்கு வளைந்து கலப்பை போன்று இருத்தலின் கலப்பைக்கிழங்கு என்றும், மலரை உற்று நோக்கினால் கண் வலிக்கும் என்னும் நாட்டு நம்பிக்கை பற்றிக் கண்வலிக்கிழங்கு என்றும், பூக்கும் பருவம் பற்றிக் கார்த்திகைப்பூ என்றும் மக்கள் வழங்குவர். ஏரின் வடிவைத் தன் வேரிலேயே கொண்ட செடி உழவரைத் தேடி வந்தது வியப்பன்று.

வேலியோரத்தில் தானே படர்ந்து கிடந்த இக்கொடி, இன்று மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கங்களிலும், கிழக்கே வேதாரணியத்து மணற்பாங்கிலும் பந்தலிட்டு வளர்க்கப்படும் பயிராகிவிட்டது. காரணம் அதன் விதையில் உள்ள கால்கிசின் என்னும் மருந்துச் சத்து. 1820 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞர்களாகிய பெல்லெட்டியே, கவந்தூ என்பார் இருவர், ஐரோப்பாவில் விளையும் வேறொரு செடியினின்று இச்சத்தை முதலிற் பிரித்தெடுத்தனர். முடக்கு நோய்களுள் ஒன்றாகிய ‘கௌட்’ என்னும் மூட்டு வலிக்கு அது நெடுங்கால மருந்து. அச்சத்தே நம் காந்தள் விதையிலும் மிகுதியாக உள்ளது. தசைப்பிடிப்பிற்கு வழங்கும் தயோகால்கிகோசைடு என்னும் மருந்திற்கும் இவ்விதையே மூலப்பொருள்.

இச்சத்து உடலில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதனையும் சிறிது கூறுவோம். உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் நுண்குழல்கள் சில உண்டு. அணு இரண்டாகப் பிரியுங்கால் அதன் உட்பொருளைச் சமமாகப் பங்கிடுவன அவையே. ஒரு மீட்டரை நூறு கோடிப் பகுதியாக்கினால் அவற்றுள் ஒரு பகுதி ஒரு நானோமீட்டர். அந்நுண்குழலின் விட்டம் 25 நானோமீட்டர் அளவினதே. கால்கிசின் அக்குழல்கள் உருவாகாதபடி தடுத்துவிடுகின்றது. அதனால் வெள்ளணுக்கள் மூட்டிற் சென்று குவிந்து வீக்கம் விளைத்தல் தணிகின்றது. 1937 ஆம் ஆண்டில் பிளேக்ஸ்லி என்னும் அமெரிக்க அறிஞர், இதனைச் செடியில் இட்டால் அதன் குரோமோசோம் தொகை இருமடங்காதலைக் கண்டார். அந்நெறி பற்றியே பின்னர் ஜப்பான் நாட்டில் கிஹாரா என்பார் விதையில்லாத் தர்ப்பூசணியை உண்டாக்கினார். ஒரு செடியின் நஞ்சு, மருத்துவனுக்கு மருந்தாகவும் உழவனுக்குப் புது வித்தாகவும் ஆயிற்று. ஆராய்ச்சியின் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நஞ்சு என்று கூறினோம். தாய்மார்கள் அதனை மறவாதிருத்தல் வேண்டும். காந்தட்கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. உண்டார்க்கு முதலில் வாந்தியும் பேதியும் தோன்றும். சில நாட்களில் உள்ளுறுப்புக்கள் பலவும் செயலிழக்கும். இதற்கென எளிதிற் கிடைக்கும் மாற்று மருந்து இல்லை. சித்த மருத்துவத்தார் இதனை முறைப்படி சுத்தி செய்தே வழங்குவர். ஆதலின் கிழங்கையும் விதையையும் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தலும், பிறர் சொற்கேட்டு வீட்டு மருந்தாகக் கொள்ளுதலும் ஒருபோதும் ஆகா.

நிற்க. இனிக் கணக்கிற்கு வருவோம். விதையில் உள்ள கால்கிசின் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவு. நூற்றுக்கு 0.7 பங்கு என்று கொண்டால், ஒரு கிலோ விதையில் 7 கிராம் இருக்கும். வழக்கில் உள்ள ஒரு மாத்திரையின் அளவு 0.5 மில்லிகிராம். 7 கிராமை 0.5 மில்லிகிராமால் வகுத்துப் பாருங்கள்: 14,000 மாத்திரை. பிரித்தெடுக்கும் வழியிற் பாதி வீணாயிற்று என்று வைத்துக்கொண்டாலும் 7,000 மாத்திரை. நம் மாணவர்க்கு யாம் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, பின்வரிசையிலிருந்த ஒரு சிறுவன், ‘ஐயா, ஒரு மாத்திரைக்கு ஒரு ரூபாய் என்றாலும் ஒரு கிலோவிற்கு ஏழாயிரம் ஆயிற்றே!’ என்றான். அவன் தந்தை காந்தள் பயிரிடுபவர். அவர் கைக்கு வருவது அதில் எத்துணைப் பங்கு என்பதனை அவன் அறிவான்.

விதையை மாத்திரையாக்குதற்குத் தொழிற்சாலை வேண்டும், தூய்மைச் சோதனை வேண்டும், அறிஞர் வேண்டும், உரிமம் வேண்டும். அச்செலவை யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு செய்தி கேளுங்கள். அமெரிக்க நாட்டில் கால்கிசின் மாத்திரை நெடுங்காலமாக ஒன்று 9 சென்ட் அளவிற்கு விற்றுவந்தது. 2009 ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் அம்மருந்தை முறைப்படி சோதித்து, அந்நாட்டு அரசின் ஒப்புதலையும் தனியுரிமையையும் பெற்றது. உடனே ஒரு மாத்திரையின் விலை ஏறக்குறைய 5 டாலர் ஆயிற்று. ஐம்பது மடங்கிற்கும் மேல்! பின்னர்ப் போட்டி வந்து அவ்விலை தணிந்தது என்பதும் உண்மை. மருந்தோ பழைய மருந்து; செடியோ பழைய செடி. மாத்திரை விலை ஐம்பது மடங்கு ஏறிய காலத்து நம் பக்கத்து விதை விலை ஐம்பது மடங்கு ஏறவில்லை என்பதனை நீங்கள் அறிவீர்கள். 2023 ஆம் ஆண்டில் இதே மருந்து, குருதிக்குழாய் அடைப்பினால் வரும் இதய நோயைக் குறைத்தற்கும் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. ஆராய்ச்சி மேன்மேலும் வளர்கின்றது, வளர்க. ஆனால் அவ்வளர்ச்சி ஏர்க்கால் வரை வந்து சேர்ந்ததா என்பதே நம் வினா.

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்னர், எம் சிறிய தந்தையார் அரை ஏக்கரிற் காந்தள் பயிரிட்டார். அவ்வாண்டு நடவுக் காலத்தில் விதை கிலோ 3,200 ரூபாய்க்கு விற்றதாக ஊரெங்கும் பேச்சு. ‘ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார்கள், வெளிநாட்டார் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்’ என்று தரகர் ஒருவர் கூறினார். சிறிய தந்தையார் இரண்டு இலட்ச ரூபாய் கடன் கொண்டார். அறுவடை முடிந்த பின்னர் ஒரு நாள் மாலை எம் வீட்டிற்கு வந்து, பழைய நாட்குறிப்பு ஒன்றை எம் கையிற் கொடுத்து, ‘கண்ணு, நீ படித்தவன், எங்கே தப்பினேன் என்று இதைப் பார்த்துச் சொல்’ என்றார்.

அந்நாட்குறிப்பில் இருந்த கணக்கை உள்ளவாறே கூறுவோம். கிழங்கு 400 கிலோ, கிலோ 300 ரூபாய் வீதம் 1,20,000. கல்தூணும் கம்பிப் பந்தலும் 55,000. உழவும் எருவும் 20,000. களையெடுப்பு முதலியவற்றிற்குக் கூலி 45,000. மருந்து தெளிப்பு 10,000. ஆக 2,50,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வீதம் ஓராண்டு வட்டி 48,000. மொத்தம் 2,98,000. அவர் எதிர்பார்த்தது 120 கிலோ விதை. பழைய விலைக்கு 3,84,000 ரூபாய். பூக்கும் பருவத்தில் அடைமழை பெய்து காய்ப்பிடிப்புக் குறைந்தது. கிடைத்தது 75 கிலோ. விற்ற அன்று விலை 1,500 ரூபாய். வரவு 1,12,500. கடன்காரர் காத்திருப்பாரா? பசுக்கள் இரண்டும், கிணற்றடியில் இருந்த நிலத்தில் ஒரு பகுதியும் கைம்மாறின. கிழங்கும் பந்தலும் மறு ஆண்டிற்கு எஞ்சின. ஆனால் பந்தல் நின்ற நிலம் எஞ்சவில்லை.

மழை வந்தது ஊழ் எனலாம். விலை வீழ்ந்ததும் ஊழோ? அன்று. ஈண்டுத்தான் வேளாண்மைப் பொருளியல் நமக்கு உதவுகின்றது. சிலந்திவலைத் தேற்றம் என்று ஒன்று உண்டு. கால்டோர் என்னும் பொருளியலறிஞர் 1934 ஆம் ஆண்டில் இப்பெயரிட்டார். 1938 ஆம் ஆண்டில் எசக்கியேல் என்பார் அதனை விரித்தெழுதினார். அதன் கருத்து இது: விலை ஏறியிருக்கும்போது உழவர் பலரும் ஒருங்கே நடுகின்றனர், விளைவு வருதற்கு மாதங்கள் ஆகின்றன, வந்தபோது பொருள் மிகுந்து விலை வீழ்கின்றது, வீழ்ந்த விலையைக் கண்டு பலர் விட்டுவிடுகின்றனர், அதனாற் பொருள் குறைந்து விலை மீண்டும் ஏறுகின்றது. இவ்வாறு மேலும் கீழும் செல்லும் கோட்டை வரைந்து பார்த்தால் அது சிலந்திவலை போலத் தோன்றும். காந்தளுக்கு இதன்மேலும் ஒரு கேடு உண்டு. விதை விலை ஏறிய காலத்தில் நடவுக் கிழங்கின் விலையும் உடன் ஏறும். ஆதலின் பிறரைக் கண்டு பிந்தி நுழைபவன், உயர்ந்த விலைக்குக் கிழங்கு வாங்கித் தாழ்ந்த விலைக்கு விதை விற்கின்றான். வலையின் இரு முனையிலும் அகப்படுபவன் அவனே. எம் சிறிய தந்தையார் அங்ஙனம் அகப்பட்டார். அவர் கேட்ட வினாவிற்கு விடை தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நூல்களில் எழுதப்பட்டிருந்தது. அதனை அவர்க்குச் சொல்லுவார்தாம் இலர். படித்தவன் என்று அவராற் பாராட்டப்பெற்ற யாமும் அன்று அதனை அறிந்திலோம்.

அக்கணக்கில் இன்னும் ஒரு குறை இருந்தது. அதனை யாம் கண்டறிய நெடுநாட் சென்றது. காந்தள் மலரின் அமைப்பு வியப்புடையது. ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி, அவற்றினின்று விலகி ஒருபுறமாகச் செல்லும். ஆதலின் மகரந்தம் தானே சூல்முடியிற் சேர்தல் அரிது. வண்டினம் மட்டும் செய்யின் காய் குறையும். எனவே காலைப்பொழுதில் மலர்தோறும் சென்று, கையாலே மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் ஒற்றுதல் வேண்டும். எம் சிறிய தாயார் பூக்காலம் முழுவதும், அடுப்பு வேலை முடித்து, பந்தலின்கீழ் நின்று இதனைச் செய்தார். மழை விட்ட இடைவேளைகளிலும் செய்தார். அக்கணக்கேட்டில் அவர்க்குரிய கூலி எந்த வரியிலும் இல்லை. மகளிர் விரலைக் காந்தளுக்கு ஒப்பிட்ட பாட்டுக்களை இருபது ஆண்டுகளாக வகுப்பிற் பொருள்கூறிவந்த யாம், அவ்விரல் காந்தளுக்குச் செய்த தொண்டிற்கு ஒரு காசும் எழுதப்படவில்லை என்பதனைக் காணாதிருந்தோம்.

இதற்கும் பொருளியலார் வழி வகுத்துள்ளனர். நடுவணரசு 1965 ஆம் ஆண்டில் வேளாண் விளைபொருள்களின் விலை பற்றி ஆராய்தற்கு ஓர் ஆணையம் அமைத்தது. அவ்வாணையத்தார் சாகுபடிச் செலவைப் பல படியாகக் கணிப்பர். கையிலிருந்து கொடுத்த செலவு ஒரு படி. அதனோடு வீட்டார் உழைப்பின் மதிப்பைச் சேர்த்தது அடுத்த படி. சொந்த நிலத்தின் வாடகையையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்தது முழுச் செலவு. 2004 முதல் 2006 வரை அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் இயங்கிய தேசிய உழவர் ஆணையம், விளைபொருளின் விலை அதன் சாகுபடிச் செலவினும் பாதி மிகையாதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நெல், கோதுமை முதலிய பயிர்களுக்கு அரசு குறைந்தபட்ச விலை அறிவிக்கின்றது. காந்தள் அப்பட்டியலில் இல்லை. எனவே காந்தள் பயிரிடுபவன் தன் முழுச்செலவைத் தானே கணித்தல் வேண்டும். தன் செலவு இன்னதென்று அறியாதவன், விற்கும் விலை குறைவென்று எவ்வாறு வாதிடுவான்?

இனி, நானோப் பொருளுக்கு வருவோம். எம் சிறிய தந்தையாரின் மகன் இன்று எஞ்சிய நிலத்தில் நெல்லும் சோளமும் விளைவிக்கின்றான். உரம் வாங்கச் சென்ற இடத்தில், மூட்டையோடு ஒரு சிறு குப்பியும் வாங்கியே தீரவேண்டும் என்றனராம். ‘அண்ணா, இந்தக் குப்பி ஒன்று ஒரு மூட்டைக்குச் சமம் என்கிறார்களே, மெய்தானா?’ என்று எம்மை வினவினான். இம்முறை யாம் கணக்கைப் பின்னாளுக்கு ஒத்திப்போடவில்லை. அப்போதே எழுதிப் பார்த்தோம்.

இப்கோ என்னும் கூட்டுறவு நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் நானோ யூரியா என்னும் நீர்மத்தை வெளியிட்டது. 500 மில்லிலிட்டர்க் குப்பி ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிற்கு ஈடாகும் என்பது அறிவிப்பு. மூட்டையில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து; ஆக 20.7 கிலோ. முதலில் வந்த குப்பியில் நூற்றுக்கு 4 பங்கு. ஆக 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு! மண்ணில் இடும் யூரியாவில் பெரும்பகுதி காற்றிலும் நீரிலும் வீணாகின்றது, இலையில் தெளிக்கும் மீநுண் துகள் வீணாகாது உட்செல்லும் என்பது அவர் கூறும் காரணம். அக்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், மூட்டை உரத்திற் பத்தில் மூன்று பங்கே பயிர்க்குச் சேர்கின்றது என்று கொண்டாலும் அது 6 கிலோவிற்கு மேல். குப்பியில் உள்ளது ஒரு துளியும் வீணாகாது சேர்ந்தாலும் 20 கிராமே. முந்நூறு மடங்கு வேற்றுமை எஞ்சுகின்றதே! பயிர் என்ன காற்றிலிருந்தா மிச்சத்தைப் பெறும்?

லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதனை வயலில் ஈராண்டு சோதித்தனர். உரத்தின் ஒரு பகுதியைக் குறைத்து, அதற்கு ஈடாக இக்குப்பியைத் தெளித்த வயலில் கோதுமை விளைச்சல் நூற்றுக்கு 21.6 பங்கும், நெல் விளைச்சல் 13 பங்கும் குறைந்தன என்று கண்டனர். வேறு சோதனைகளில் நற்பயன் கண்டதாக வெளியிட்டோர் கூறுகின்றனர். பின்னர்ச் சத்து மிகுந்த குப்பியும் வெளிவந்துள்ளது. எப்படியாயினும், ‘நானோ’ என்னும் புதுச்சொல்லுக்கு மயங்கி அடியுரத்தை நிறுத்திவிடுதல் அறிவுடைமையன்று. எம் தம்பிக்கு யாம் கூறியது இதுவே: ‘வாங்கிய குப்பியை வீணாக்காதே, ஒரு பாத்தியில் மட்டும் அவர்கள் சொன்னபடி செய், அடுத்த பாத்தியில் வழக்கம்போற் செய், இரண்டின் கதிரையும் தனித்தனியே நிறுத்துப் பார்.’ ஆராய்ச்சி என்பது அதுதான். அதற்குப் பட்டம் வேண்டுவதில்லை, தராசு வேண்டும்.

இங்ஙனம் கூறுதலால், நானோ ஆராய்ச்சி முழுதும் வீண் என்பது எம் கருத்தென்று கொள்ளற்க. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், கனடா நாட்டுக் குவெல்ப் பல்கலைக்கழகத்தாரோடும் இலங்கை அறிஞரோடும் கூடி, 2012 ஆம் ஆண்டு முதல் மாம்பழம் பற்றி ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தினர். பழம் கனிந்து அழுகுதல் எதனால்? அதன் உயிரணுக்களைச் சூழ்ந்த மெல்லிய உறையை ஒரு நொதி சிதைத்தலால். பச்சிலைகளில் இயற்கையாகவே உள்ள ஹெக்சனால் என்னும் பொருள் அந்நொதியைத் தடுக்க வல்லது. ஆனால் அது விரைவில் ஆவியாகிவிடும், நீரிற் கலவாது. அதனை மீநுண் துளிகளாக்கி நீரிற் கலந்து, அறுவடைக்கு முன்னர் மரத்தில் தெளித்தனர். காய்கள் கனிதல் இரண்டு மூன்று வாரம் அளவும் தள்ளிப்போதலைக் கண்டனர்.

இதன் பொருளியற் பயனை எண்ணிப் பாருங்கள். மாந்தோப்பு உடையார்க்கு இடர் விளைப்பது யாது? எல்லாத் தோப்பும் ஒருங்கே கனிதல். ஒரே வாரத்திற் சந்தை நிரம்பிவிட, வணிகர் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வரவேண்டியிருக்கின்றது. இரண்டு வாரம் காத்திருக்க இயலுமாயின், வணிகரை நோக்கி ‘இன்று விற்கவில்லை’ என்று கூறும் ஆற்றல் உழவர்க்கு வருகின்றது. அவ்வொரு சொல்லைச் சொல்ல இயலாமையாலன்றோ நம்மவர் தலைமுறை தலைமுறையாக நட்டமுற்றனர்? மேற்கூறிய சிலந்திவலையை அறுக்கும் வாள் காலம் ஒன்றே. குப்பிக்காரர் தம்மிடம் உள்ள பொருளை உழவர்க்கு விற்க வழி தேடினர். மாம்பழத்தை ஆராய்ந்தாரோ, உழவரிடம் உள்ள இடுக்கண் யாது என்று தேடி, அதன் பின்னரே துளியின் அளவை நுணுக்கினர். இவ்வேற்றுமையை நம் இளைஞர் நெஞ்சிற் பதித்தல் வேண்டும். துகள் எத்துணைச் சிறிது என்பதன்று கேள்வி. உழவன் பை எத்துணை நிறைந்தது என்பதே கேள்வி.

அன்பர்களே! குறை கூறி அமர்தல் எளிது. நாம் செய்யத்தக்கன சில உள. அவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, நம் சங்கம் ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு சாகுபடிக் கணக்கேடு அச்சிட்டு வழங்குக. அதில் விதை, எரு, கூலி, வட்டி என்பவற்றோடு, ‘வீட்டார் உழைப்பு’ என்று ஒரு பத்தி கட்டாயம் இருத்தல் வேண்டும். அப்பத்தியை வீட்டுப் பெண்களே தம் கையால் எழுதுக. எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதி உதவுக. அதனினும் சிறந்த வீட்டுப்பாடம் யாம் அவர்க்குக் கொடுக்க இயலாது.

இரண்டாவது, புதிய வித்தோ, புதிய உரமோ, புதிய பயிரோ வரின், முதலாண்டு ஒரு பாத்தியில் மட்டும் சோதிப்போம். சோதித்த முடிவு நன்றாயினும் தீதாயினும் நம் மாத ஏட்டிற்கு எழுதி அனுப்புவோம். ஒருவர் பட்ட நட்டம் நூறு பேர்க்குப் பாடமாதல் வேண்டும். நூறு பேரும் தனித்தனியே பட்டுத்தான் அறியவேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, தனித்து விற்பதை ஒழிப்போம். உழவர் பதின்மர் கூடினால் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைப் பதிவுசெய்ய 2002 ஆம் ஆண்டு முதல் சட்டம் இடந்தருகின்றது. 75 கிலோ விதையோடு செல்பவனைத் தரகர் வாயிலில் நிறுத்துவர். பல நூறு கிலோவோடும் சத்தின் அளவைச் சோதித்த சீட்டோடும் செல்பவரை மருந்து நிறுவனத்தார் உள்ளே அழைப்பர். இதில் ஒன்று சொல்லத் துணிகின்றோம், பெரியோர் பொறுத்தருள்க. இவ்வமைப்பில் நம் வகுப்பினர் மட்டுமே சேரவேண்டும் என்று யாரும் எண்ணற்க. வரப்பிற்கு அப்பால் உள்ளார் எவ்வகுப்பினராயினும், பெய்யும் மழையும் வீழும் விலையும் இருவர்க்கும் ஒன்றே.

நான்காவது, நம் பிள்ளைகளுட் சிலரேனும் வேளாண்மை அறிவியலும் பொருளியலும் மருந்தியலும் கற்க வேண்டும். ஆணும் பெண்ணும் இருபாலாரும் கற்க வேண்டும். கற்றுப் பட்டம் பெற்ற பின் ஊரை மறவாது, ஆண்டிற்கு ஒருமுறையேனும் இம்மேடையில் நின்று, தாம் ஆய்ந்ததைத் தமிழில் நமக்குக் கூறவேண்டும். அவ்வாறு கூறுவார் ஒருவர் அன்று இருந்திருப்பின், எம் சிறிய தந்தையார் கிணற்றடி நிலத்தை இழந்திரார்.

சென்ற தைப்பொங்கலன்று அவர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். வேலியோரத்தில், யாரும் நடாத காந்தட்கொடி ஒன்று காய்ந்து கிடந்தது; அதில் வெடித்த காய் இரண்டு. சிறிய தாயார் அவ்விதைகளைப் பொறுக்கித் தாளில் மடித்து, பரணில் எட்டாத இடத்தில் வைத்தார். ‘இனியும் எதற்கு?’ என்று யாம் வினவினோம். ‘செடி என்ன தப்புச் செய்தது கண்ணு? கணக்குத்தானே தப்பிற்று’ என்றார்.

அச்சொல்லினும் மேலாக யாம் கூறத்தக்கது ஒன்றுமில்லை. செடியின்மேற் குற்றமில்லை, ஆராய்ச்சியின்மேலும் குற்றமில்லை, கணக்குத் தப்பியது. அதனைத் திருத்துவோம்.

வாழ்க உழவு! வளர்க அறிவு!